சாவி யாரிடம் இருக்கிறது?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் வழியில், ஏதாவது ஓர் ஊரில் பேருந்து நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், வர்ணம் உதிர்ந்து, வாசற்படியில் எருக்கு முளைத்து, கதவில் துருவேறிய பூட்டுத் தொங்க, நெற்றியில் மாத்திரம் திறப்பு விழா நடத்திய பிரமுகரின் பெயர் அழியாமல் நிற்கும் சர்க்கார் கட்டடம் ஒன்று கண்ணில் படாமல் போவது அபூர்வம். அது ஊராட்சி டி.வி. ரூமாக இருக்கலாம், பிள்ளைகள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால் காலியான பழைய பள்ளிக்கூடமாக இருக்கலாம், நூலகமாகவும் இருக்கலாம். அதை இடித்துவிட்டுப் புதிதாக ஒரு சமுதாயக் கூடம் கட்டித் தரவேண்டுமென்று மனு எழுதுகிறவர்கள் உண்டு. இடிக்காமல் பழுதுபார்த்து ஊராரிடமே ஒப்படைக்க வேண்டுமென்று கேட்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இவை பாழானதற்கு ஊராரின் அசிரத்தை மட்டும் காரணமன்று. ஊருக்கு ஒரே பெட்டியாக இருந்த காலத்தில் டி.வி. ரூம் வாசலில் பாய் விரித்துக் காத்திருந்த ஜனங்கள், 2006-க்குப் பிறகு அரசாங்கத்தின் இலவச வண்ணத் தொலைக்காட்சி அவரவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தபின், அந்த அறையின் பக்கம் திரும்பிப் பார்க்க என்ன அவசியம்? அதே ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் தருவதென்ற உத்தமமான நோக்கத்தோடு வந்ததுதான். ஆயினும் சுவருக்கும் கூரைக்கும் காட்டிய சிரத்தையைத் தினந்தோறும் வந்து கதவைத் திறக்கும் ஆளுக்கும் அன்றாடம் வாங்கிப் போடவேண்டிய பத்திரிகைக்கும் காட்டாததனால், பல ஊர்களில் புத்தகங்கள் கரையானுக்கு உணவாயின. போதாக்குறைக்கு, 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடியும் அதனோடே சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்ததே, அந்த விசித்திரமான சரித்திரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் இடம் பெயர்ந்தால் பழைய இடத்துக்குப் பூட்டு விழுவது எங்கும் உள்ள வழக்கந்தானே!

புதிய கூடத்தைக் காட்டிலும் பழைய கட்டடமே மேல் என்று நான் கருதுவதற்குச் சிக்கனம் முக்கியக் காரணமல்ல. நம்முடைய கிராமங்களில் சமுதாயக் கூடம் ஒன்று அனுமதியானவுடன் முதலில் எழுகிற கேள்வி, அது ஊரில் அமையுமா, காலனியில் அமையுமா என்பதுதான். எந்தத் தெருவில் அமைகிறதோ அந்தத் தெருவின் உடைமையாகவே அது காலக்கிரமத்தில் ஆகிவிடுகிறது. 'சமுதாயம்' என்ற பொதுச்சொல்லே பல இடங்களில் ஒரு சாதியைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்ட நாட்டில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழைய பள்ளிக்கூடமோ அப்படியல்ல. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒன்றாம் வாய்ப்பாடு சொன்ன இடம் அது. அங்கே நுழைய எவரும் எவருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை என்பது இரண்டு மூன்று தலைமுறைகளாக நிலைபெற்றுவிட்ட பாத்தியதை.

உ.வே.சாமிநாதையர் பாலியத்தில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கற்றார் என்பதில் இந்தச் சீமைக்கு நியாயமான பெருமை உண்டு. அந்த வித்தை, ஒருவருடைய வீட்டில் நுழைந்து உட்கார இடம் கிடைத்தவர்களுக்கே வாய்த்த வித்தை என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்லிக்கொள்ளுவோமானால், பொதுக் கட்டடம் என்ற ஒன்று எந்தக் குறையை நிவர்த்திக்க வந்தது என்பது விளங்கும். அதை ஒரே நாளில் இடித்துவிடலாம். அதனோடு போகும் பாத்தியதையைப் புதிய கூடத்தில் மறுபடி ஸ்தாபிக்க எத்தனை காலமாகுமோ?

இடிந்து விழுந்தால் யார் பொறுப்பு என்பது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபமன்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் ஒன்று விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டபிறகு, மாநிலமெங்கும் பலவீனமான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தது நியாயமான காரியமே. ஆகையால் பொறியாளர் பார்த்து உறுதித்தன்மைச் சான்று கொடுக்காத எந்தக் கட்டடத்திலும் ஒரு நாற்காலியைக்கூடப் போடக்கூடாது. ஆனால், பழையதெல்லாம் பலவீனமானதென்ற எண்ணம் சாஸ்திரத்துக்குப் பொருந்தாதது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' தளங்கள், நேற்றுப் போட்ட கான்கிரீட் கம்பிகள் துருப்பிடித்துப் பிதுங்குகிற காலத்திலும் திடமாக நிற்பதை நாம் காண்கிறோம். அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வயதன்று, வைத்தியம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரிக்கிறது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி நாட்டுக்கே சிமென்ட் அனுப்புகிற அரியலூர், தன் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் சிமென்ட்டை விட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது!

பணத்துக்கும் அந்தக் கல்லே வழி சொல்லுகிறது. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது ஏற்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, பழைய குத்தகைதாரர்கள் தாங்கள் கட்டும் ராயல்டியில் 30 சதவீதமும் ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் சேர்த்துச் செலுத்த வேண்டும். அது சுரங்கத்தின் புழுதியைச் சுவாசிக்கிற ஊர்களுக்கென்றே விதிக்கப்பட்ட பணம். சுரங்கமில்லாத ஊர்களுக்கு, ஊரார் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசாங்கம் போடுகிற 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது.

பொதுக் கட்டடத்தை ஊரார் வசமாக்கும் யோசனை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2011-இல் இயற்றிய சட்டமொன்று, விற்பனைக்கு வரும் கட்டடத்தை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று முன்னரே பதிவு செய்திருந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் பெற வழி செய்கிறது. அவகாசம் தருமேயொழிய, அவர்களுக்கே விற்கவேண்டுமென்று அது வற்புறுத்தாது என்பதனால், பணமுள்ள ஊருக்கே அது பிரயோஜனப்படும் என்ற குறை அங்கேயே பேசப்படுகிறது. நம்மிடம் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதாக விதிக்கப்பட்டுள்ள அந்தச் சபையில் பணக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் ஒரே கைதான்.

திறந்த கட்டடத்தில் என்ன நடக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமான அபிப்பிராயம் ஒன்றுண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையனும் பெண்ணும், சுய உதவிக் குழுப் பெண்களும், பத்திரிகை பார்க்கவரும் முதியவர்களும் நேரத்தை மாற்றி மாற்றி உபயோகிக்கட்டும். கல்யாணத்துக்கு மாத்திரம் வாடகைக்கு விடவேண்டாம். வாடகை வருமென்பது மெய்தான். ஆனால் முகூர்த்தம் நெருங்க நெருங்க மேஜையும் புத்தக அலமாரியும் மூலைக்குத் தள்ளப்பட்டு, சமையற் பாத்திரங்கள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். சாவி ஊராட்சித் தலைவரிடம் மாத்திரம் இருப்பதும் உசிதமன்று. பாதிக்குக் குறையாமல் பெண்கள் உள்ள ஒரு குழு, எல்லாத் தெருக்களிலிருந்தும் கிராம சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதை வைத்திருக்கட்டும்.

'ஆவன செய்யப்படும்' என்ற ஒற்றை வரியில் முடிகிற தீர்மானத்தால் ஒரு பூட்டும் திறந்ததில்லை. எந்தக் கட்டடம், அதன் சர்வே எண் என்ன, சான்று எந்த மாதத்துக்குள், குழுவில் யார் யார், மின்கட்டணம் கட்டுவது யார் என்பவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே ஊரார் கையெழுத்திட வேண்டும். மின்கட்டணத்தை அற்பமென்று நினைத்து விட்டுவிடலாகாது. பாக்கி விழுந்து இணைப்பைத் துண்டித்துவிட்டால், பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்க வருகிற பெண் இருட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும்.