படம் மங்குவது எங்கே?

திரையில் பளிச்சென்று இருந்த அழைப்பிதழ், டவுன்லோடு செய்து அனுப்பியதும் மங்கிப்போகிறது. முகூர்த்த நேரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு கலங்கல். கேன்வா, அடோபி எக்ஸ்பிரஸ் போன்ற இணையக் கருவிகளில் வேலை செய்கிறவர்கள் உடனே கருவியைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் கோளாறு கருவியில் இருப்பதில்லை. எந்த இடத்தில் மங்கியது என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்தால் அதே மங்கல்தான் திரும்பத் திரும்ப வரும்.

டவுன்லோடு ஆன கோப்பை யாருக்கும் அனுப்புவதற்கு முன், கணினியில் 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால், திரையில் பார்ப்பதற்குக் கோப்பு நன்றாகவே இருக்கிறது. போன வழியில்தான் கெட்டிருக்கிறது. அங்கேயே மங்கலாக இருந்தால், நீங்கள் எடுத்த அளவிலோ, கோப்பு வகையிலோ, உள்ளே வைத்த புகைப்படத்திலோ குறை இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வடிவமைக்கும்போது மட்டும் எழுத்து ஏன் அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது? அங்கே அது இன்னும் படமாகவில்லை, எழுத்துருவாகவே இருக்கிறது. நீங்கள் பெரிதாக்கும்போதெல்லாம் உலாவி அதைப் புதிதாக வரைந்து காட்டுகிறது. பிஎன்ஜி, ஜேபெக் என்று இறக்கிய கணத்தில் அது குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள பிக்ஸல்களாக மாறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே பிக்ஸல்கள்தான் பெரிதாகும்.

எனவே எண்ணிக்கைதான் முதல் கேள்வி. கேன்வாவில் ஏ4 தாளைத் தேர்ந்து, அளவை மாற்றாமல் பிஎன்ஜியாக இறக்கினால் கிடைப்பது 794-க்கு 1123 பிக்ஸல். அச்சகத்தார் வழக்கமாகக் கேட்பது அங்குலத்துக்கு 300 புள்ளி. அந்தக் கணக்கில் ஏ4 தாளுக்கு 2480-க்கு 3508 பிக்ஸல் வேண்டும். நம் கையில் இருப்பது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இன்ஸ்டாகிராமுக்காக 1080 பிக்ஸல் சதுரமாகச் செய்த படத்தை அச்சுக்குக் கொடுத்தால், 3.6 அங்குலம் வரைதான் அது கூர்மையாக நிற்கும்.

இங்கே பரவலாக ஒரு தவறு நடக்கிறது. "300 டிபிஐ-ஆகக் கொடுங்க" என்று அச்சகத்தில் சொன்னதும், ஏதோ ஒரு செயலியில் 72 என்று இருக்கும் எண்ணை 300 என்று மாற்றி அனுப்புகிறார்கள். பிக்ஸல் ஒன்றுகூடக் கூடுவதில்லை. அந்த எண், இருக்கிற பிக்ஸல்களை எவ்வளவு நெருக்கி அச்சிட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. படத்தின் அகலமும் உயரமும் எத்தனை பிக்ஸல் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேன்வாவின் கட்டணக் கணக்கில், டவுன்லோடு செய்யும்போதே அளவை மூன்று மடங்குவரை கூட்டிக்கொள்ளலாம். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் வேலையைத் தொடங்கும்போதே தனி அளவு கொடுத்துப் பெரிதாகத் தொடங்குவது நல்லது. அச்சுக்குப் போகிற வேலை என்றால் படமாக இறக்கவே வேண்டாம். பிடிஎஃப் பிரிண்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுத்து எழுத்தாகவே போகும் என்பதால் எந்த அளவில் அச்சிட்டாலும் ஓரம் சிதையாது. ஃப்ளாட்டன் என்ற தேர்வை மட்டும் தொடாதீர்கள். அது எல்லாவற்றையும் மறுபடி ஒரே படமாக்கிவிடும்.

படமாகத்தான் வேண்டும் என்றால், எழுத்து நிறைந்த வேலைக்கு என் பரிந்துரை பிஎன்ஜி. ஜேபெக் புகைப்படத்துக்காகப் பிறந்த முறை. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. நிற விவரத்தைப் பெரும்பாலும் இன்னும் குறைவாகவே சேமிக்கிறது. வானத்துக்கும் முகத்துக்கும் அது போதும். ஆனால் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து என்ற நம் பத்திரிகை வழக்கத்தில், எழுத்தின் ஓரம் கசிவது உடனே தெரியும். தமிழுக்கு இதில் கூடுதல் நஷ்டம் உண்டு. சிறிய எழுத்தில் ண, ன இவற்றின் சுழிகள் ஒட்டிக்கொள்கின்றன; மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, "க்" என்பது "க" ஆகிவிடுகிறது. பெயர்களும் ஊர்களும் நிறைந்த அழைப்பிதழில் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

உள்ளே வைக்கும் புகைப்படத்துக்கு வருவோம். கூகுள் தேடலில் தெரிகிற சிறு படத்தையோ, வாட்ஸப் முகப்புப் படத்தையோ எடுத்து ஃப்ளெக்ஸில் போட்டால் எந்தக் கருவியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கும் செயலிகள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. பூவுக்கும் பின்னணிக்கும் அது பரவாயில்லை. கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அப்படிச் செய்வதை நான் ஏற்க மாட்டேன். கண்ணும் வாயும் சற்றே மாறி, வீட்டாருக்கே அந்நியமான ஒரு முகம் வந்து நிற்கும். ஆல்பத்தில் இருக்கும் பழைய படத்தை ஸ்கேன் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளெக்ஸுக்கு 300 புள்ளி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 72 புள்ளியே பெரும்பாலும் போதும். பத்தடிக்கு ஆறடிப் பதாகைக்கு அது 8640-க்கு 5184 பிக்ஸல்.

கடைசியில் வாட்ஸப். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து, ஜேபெக் முறையில் மறுபடி சுருக்கிவிடும். 2023-இல் வந்த ஹெச்டி வசதி நிலைமையைச் சற்று மேம்படுத்தியது. ஆனால் அதிலும் சுருக்கம் உண்டு. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அதையே அச்சகத்துக்கும் கொடுப்பது நம் ஊரில் நடக்கிற கதை. டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். மின்னஞ்சலில் இணைத்தாலும் அப்படித்தான்.

அடுத்த அழைப்பிதழைத் தொடங்குமுன் அச்சகத்துக்கு ஒரு போன் செய்து, என்ன அளவு, எந்தக் கோப்பு வகை என்று கேட்டுவிடுங்கள். முடித்தபின் வேறு யாரிடமும் வாங்கிக்கொள்ளச் சொல்லாமல், மூலக் கோப்பை நீங்களே நேரடியாக அவர்களுக்கு அனுப்புங்கள்.