அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று



பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். மாதங்கி 'மாயா' அருட்பிரகாசம் தன் ஆல்பத்துக்கு அப்பா பெயரை வைத்தார். எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த ராப் பாடகி அவர். 2005இல் வந்த முதல் ஆல்பம் 'அருளர்'. ஈழ இயக்க வட்டாரத்தில் அவருடைய அப்பாவுக்கு வழங்கிய பெயர் அது. வளரும் வயதில் பெரும்பாலும் வீட்டில் இல்லாத அப்பா.

லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், 1986இல் அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பியவர் மாயா. 'அருளர்' பாடல்களில் ஆத்திரமும் குறும்பும் சரிபாதி. சின்ன ட்ரம் மெஷினில் தட்டித் தட்டிப் பிடித்த தாளம், அதன்மேல் வெடுக்கென்று விழும் சொற்கள்.

2007இல் 'கலா' வந்தது. இது அம்மா பெயர். அமெரிக்க விசா சிக்கலால் அங்கே செய்ய நினைத்த வேலை தடைபட, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார். சென்னையில் உறுமி மேளக்காரர்களைக் கூட்டி ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல், கோயில் கொடையில் சாமியாடியைச் சிலிர்க்க வைக்கும் அதே உறுமல்தான். தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாயாக இல்லை, பாட்டே அதன்மேல்தான் நிற்கிறது.

அதே ஆல்பத்தில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்'. குடியேறி வருகிறவர்களைக் கொள்ளைக்காரர்களாகப் பார்க்கும் கண்ணைக் கிண்டல் செய்யும் பாட்டு. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளம் போடுகின்றன. அப்பா பெயரில் கத்திச் சொன்னதை, அம்மா பெயரில் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டார். அவருடைய வளர்ச்சி என்று நான் நினைப்பது அதைத்தான்.

பிறகு 'மாயா' (2010), 'மாதங்கி' (2013) என்று தன் பெயர்களுக்கே வந்து சேர்ந்தார். 'மாயா'வின் இரைச்சல் என் காதுக்கு இன்னும் பழகவில்லை. 'மாதங்கி'யில் மறுபடி ஒட்டிக்கொண்டேன். 2022இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'மாதா'. சுற்றிச் சுற்றி அம்மாவிடமே!

2019இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அறிவித்தது. அந்த அரச பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையில் 33 ஆண்டுகள் இருந்தவர் தன் அம்மா என்று மகள் அப்போது சொன்னார். ஊருக்கெல்லாம் பதக்கம் தைத்தவர் வீட்டுக்கே ஒன்று வந்தது.

'அருளர்', 'கலா' இரண்டையும் ஒரே மூச்சில், அதே வரிசையில் கேளுங்கள். நீங்கள் ஓர் ஆல்பம் போட்டால் வீட்டில் யார் பெயரை வைப்பீர்கள்? ஏன்? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்