புல்லுருவியும் பூங்கொத்திக் குருவியும்

மாமரத்திற் புல்லுருவி பரவுவதற்குப் பூங்கொத்திக் குருவியே காரணமென்றும், அதனைக் கொன்றொழித்தல் வேண்டுமென்றும் சிலர் கூறுவதுண்டு. இதன் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதி வீண் முயற்சி என்பது நமது அபிப்பிராயம்.

இக்குருவி சுமார் 8 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. புல்லுருவிப் பழத்தை முழுதாக விழுங்கிச் சதையைச் சீரணித்து, விதையை எச்சத்துடன் கழிக்கும். விதையின்மேற் பசை இருப்பதால், குருவி தன் உடலைக் கிளையில் தேய்த்தே அதனை நீக்குகிறது. விதை அங்கேயே ஒட்டி முளைத்து, பட்டையைத் துளைத்து, மரத்தின் நீரையும் உப்புச் சத்துக்களையும் உறிஞ்சுகிறது. பக்ஷி சாஸ்திர நிபுணர் ஸாலிம் அலி, கொங்கணத்தில் இதனை ஆராய்ந்து 1931-ஆம் வருஷத்தில் எழுதியுள்ளார்.

ஆயினும் குருவி விதையைச் சுமப்பதேயன்றி விளைவிப்பதன்று. விளைவிப்பது நாம் வெட்டாது விட்ட புல்லுருவியே. மேலும், இக்குருவியைக் கொல்லுதல் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆகவே பழம் பழுக்குமுன் புல்லுருவியை அகற்றுதல் வேண்டும். கொத்தை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். அது பற்றிய இடத்திற்குக் கீழே சுமார் ஒரு அடி விட்டுக் கிளையோடு அறுத்து, வெட்டுவாயிற் போர்டோப் பசை பூசுக. அடிமரத்திற் பற்றியிருப்பின் அறுக்க இயலாது. துளிர்க்குந்தோறும் செதுக்கி வருதலே வழி.

ஒருவர் மட்டும் இதனைச் செய்து பயனில்லை. குருவிக்கு வரப்பும் வேலியும் கிடையா. அடுத்த தோப்பிலும், கண்மாய்க்கரை வேம்பிலும், சாலையோர மரங்களிலும் புல்லுருவி பழுத்திருக்குமாயின், வெட்டியவர் மரத்திலும் மறுபடி விதை விழும். குடியானவர்கள் தம் தோப்பைச் சுத்தம் செய்யலாம். சர்க்கார் மரங்களில் அவர்கள் கைவைத்தல் இயலாது. அங்கே பொறுப்பு அதிகாரிகளுடையது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் உரிய இலாகாவின் அனுமதி பெற்று, ஊரார் தோப்புகளில் வேலை நடக்கும் அதே வாரத்திற் பொது மரங்களிலும் அறுப்பிக்க வேண்டும்.

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்துக் கஜா புயலில், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய இடங்களில் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. பிழைத்து நின்றவற்றையும் அதன்பின் நட்டவற்றையும் புல்லுருவிக்குப் பறிகொடுத்தல் தகாது. கவணை வைத்துவிட்டு ஊரார் ஒருங்கே அரிவாளும் இரம்பமும் எடுப்பார்களாக.