காட்டுக்குள் கட்டடம்: நான்கு கேள்விகள்



கடந்த சில ஆண்டுகளாக நம் திருச்சியைச் சுற்றி நல்ல செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2015-இல் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டுப்பகுதி, இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் கம்பரசம்பேட்டையில் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது.

ராம்சார் என்பது ஈரான் நாட்டு ஊர். உலகின் முக்கியமான நீர்நிலைகளைக் காப்பதற்காக 1971-இல் பல நாடுகள் அங்கே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தமிழ்நாட்டில் இப்போது 20 இடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன.

மகிழ்ச்சிதான். ஆனால் பெயர் பரவினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் நுழைவுச்சீட்டு கொடுக்க இடம் வேண்டும். கண்காட்சிக் கூடம், கழிப்பறை, குடிநீர், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் வேண்டும். இவை சேர்ந்ததைத்தான் 'பார்வையாளர் மையம்' என்கிறார்கள். பறவையைக் காட்டுவதற்காகக் கட்டிய கட்டடமே அந்தப் பறவையை விரட்டிவிட்டால் என்ன ஆவது? இதுதான் இப்போது நாம் யோசிக்க வேண்டியது. இப்படிப்பட்ட கட்டடத்தைப் பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எங்கே கட்டுகிறார்கள்?

கட்டடம் காட்டின் நடுவில் அல்ல, ஓரத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே மரம் இழந்த வெற்றிடமாக இருந்தால் இன்னும் நல்லது. புதர்தானே என்று வெட்டிவிட்டுப் புல்தரை போடக்கூடாது. எருக்கஞ்செடியை நாம் களை என்போம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதன் இலைதான் சாப்பாடு! எருக்கு போனால் அந்தப் பூச்சியும் போய்விடும்.

ஆற்றோரம் என்றால் வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்து போனதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தில் பிரஸ்டன் நகருக்கு அருகே, ரிப்பிள் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் பிராக்ஹோல்ஸ் என்ற இயற்கைக் காப்பகம் உள்ளது. முன்பு மணலும் சரளையும் தோண்டி எடுத்த இடம் அது. 2011-இல் அங்கே பார்வையாளர் மையத்தை ஏரியின் மேலேயே மிதக்க விட்டார்கள். உள்ளே வெற்றிடமுள்ள கான்கிரீட் மிதவை ஒன்று முழுக் கட்டடத்தையும் தாங்குகிறது. தண்ணீர் உயர்ந்தால் கட்டடமும் உயரும். நம் ஊர்த் தெப்பம் போலத்தான்! வெள்ளத்தை மண் கொட்டி மறிக்காமல், அதற்கு இடம் கொடுத்த கட்டடம் அது.

இரண்டாம் கேள்வி: எதனால் கட்டுகிறார்கள்?

டால்மியாபுரம், அரியலூர் பக்கம் போனவர்களுக்குச் சிமென்ட் ஆலைகள் தெரிந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லை மற்றப் பொருள்களுடன் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டால்தான் சிமென்ட் கிடைக்கும். எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும். உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. செங்கலுக்கும் சூளை எரிய வேண்டும்.

மாற்று வழி உண்டா? உண்டு. புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில் பார்வையாளர் மையம் அழுத்தப்பட்ட மண்கற்களால் கட்டப்பட்டது. செம்மண்ணையும் மணலையும் சுமார் 5 சதவீதம் சிமென்ட்டுடன் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்குவார்கள். சுடுவதில்லை, சில வாரங்கள் நீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். மண் எடுத்த பள்ளத்தை மழைநீர்க் குளமாக்கிக் கொள்ளலாம். எகிப்தில் மண் வீடுகளுக்குப் புகழ் தேடித் தந்த கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாதியின் பெயரால் வழங்கப்படும் விருது 1992-இல் இந்த மையத்துக்குக் கிடைத்தது.

"மண் சுவர் மழையில் கரையாதா?" என்று கேட்பீர்கள். சாரல் படாமல் கூரையை முன்னே இறக்கி, அடியில் கருங்கல் அடித்தளம் போட்டால் பயமில்லை. நம் தாத்தா பாட்டிகளின் வீட்டில் தாழ்வாரமும் திண்ணையும் இருந்தது சும்மாவா?

மூன்றாம் கேள்வி: வெயிலையும் வெளிச்சத்தையும் என்ன செய்கிறார்கள்?

சித்திரை மாதத்தில் நண்பகலில் எங்கள் மன்னார்புரம் சந்திப்பில் தார்ச்சாலை ஓரம் ஐந்து நிமிடம் நின்றால், திருச்சி வெயில் என்னவென்று புரியும். இந்த ஊரில் நாலாபுறமும் கண்ணாடி வைத்துவிட்டு, உள்ளே ஏ.சி. போடுவது மின்சாரத்தை வீணடிப்பதாகும். தடித்த சுவர், நடுவே முற்றம், எதிரெதிர் சன்னல்கள், சுற்றிலும் நிழல் மரம் இருந்தால் மின்விசிறியே பெரும்பாலும் போதும்.

கண்ணாடியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதில் தெரியும் மரத்தையும் வானத்தையும் உண்மை என்று நம்பிப் பறவைகள் மோதி இறக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பல கோடிப் பறவைகள் இப்படிச் சாகின்றன.

இரவு விளக்குகளும் அப்படியே. தேவாங்கு இரவில் நடமாடும் உயிரினம். அதன் பெரிய கண்கள் இருட்டுக்காகவே அமைந்தவை. அதன் காட்டோரத்தில் விடிய விடிய விளக்கு எரிந்தால் அது எங்கே போகும்?

நான்காம் கேள்வி: தண்ணீரும் கழிவும் எங்கே போகின்றன?

கூரையில் விழும் மழையைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கழிவுநீர்தான் கடினம். ஆற்றங்கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். கழிப்பறைக் குழியின் அழுக்கு அதில் எளிதில் கலந்துவிடும். இதற்கு வழிகாட்டியது நம் மாவட்டத்து முசிறிதான்! கழிவுகளைத் தனித்தனியே பிரித்து, மக்கவைத்து, வயலுக்கு எருவாக்கும் கழிப்பறைகள் அங்கே அமைக்கப்பட்டன. காவிரிக்கரை ஊர் செய்ததை, காவிரிக்கரைப் பூங்காக்களும் செய்யலாம் அல்லவா?

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இப்படிக் கட்டுவதில்லை?

மண்கல் வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. சிமென்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். வேலையும் விரைவாக முடியும். அந்த ஆலைகளை நம்பிப் பல குடும்பங்களும் வாழ்கின்றன. சிமென்ட்டை அறவே விட முடியாது என்பதும் உண்மை. மண்கல்லிலும் சிறிது சேர்கிறது, பிராக்ஹோல்ஸ் மிதவையும் கான்கிரீட்தான். தேவையான இடத்தில் தேவையான அளவு என்பதே சரியான கணக்கு. முதலில் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், மின்கட்டணத்தில் ஆண்டுதோறும் மிச்சமாகும்.

சிமென்ட் கட்டடம் ஒன்று எழுந்துவிட்டால் ஐம்பது ஆண்டுகள் நிற்கும். தவறாகக் கட்டியதை இடிப்பதும் வீண் செலவு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் தேவாங்குப் பாதுகாப்பு மையம் அமைக்க அரசு திட்டமிட்டது. இதுபோல இன்னும் பல மையங்கள் வரும். எனவே வரைபடம் போடும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

செல்லங்களே, அடுத்த முறை மேலூருக்கோ கரைவெட்டிக்கோ போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி எழுதுங்கள். நல்லதைப் பாராட்டியும், குறையைப் பணிவாகச் சுட்டிக்காட்டியும் வனத்துறைக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். நாளை பொறியாளராகவும் கொத்தனாராகவும் ஆட்சியராகவும் வரப்போகிறவர்கள் நீங்கள்தானே!

— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்புரம், திருச்சி