வலி போயிடுச்சு, சரி... கால் வந்துடுச்சா?

கணுக்கால் பிசகினவன் மறுபடி மலையில ஓடலாமா? இந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ரெண்டே ரெண்டு பதில்தான் ஸ்டாக் இருக்கு. ஒண்ணு வீட்டுப் பதில்: "இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேலை, பேசாம உட்காரு." இன்னொண்ணு கூட ஓடற பசங்களோட பதில்: "வலியெல்லாம் மனசுலதாண்ணா. காலை இறுக்கிக் கட்டிக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்." நாலு மாசமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு.

கதைச் சுருக்கம்: மலையில இறங்கும்போது மேலேயிருந்து உருண்டு வந்த கல்லுல என் வலது கால் மாட்டுச்சு. வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குன்னாங்க. ஆறு வாரத்துல வீக்கமும் போச்சு, வலியும் போச்சு. தரையில நடந்தா யாருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு அந்த ஒத்தைக் கால்ல நின்னா, மூணு எண்றதுக்குள்ள சுவத்தைப் பிடிச்சாகணும். இடது கால்ல முப்பது வரைக்கும் நிக்குது!

என் கட்சி இதுதான். வலி போறது வேற, கால் திரும்பி வர்றது வேற. ஜவ்வுங்கறது வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சேதி அனுப்பற வேலையும் அதுக்கு இருக்கு. அது கிழிஞ்சா சேதியும் தடுமாறும். ரோட்டுல ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரிங்கறதால சமாளிச்சுடலாம். மலையில ரெண்டு அடி ஒரே மாதிரி விழாது. ஒரு தடவை பிசகின கால் திரும்பத் திரும்பப் பிசகறதுக்கு இது முக்கியமான காரணம்.

இதுக்கு மருந்து ஓய்வும் இல்லை, வீரமும் இல்லை, பயிற்சிதான். நெதர்லாந்துல கணுக்கால் பிசகின 522 விளையாட்டு வீரர்களை வெச்சு நடந்த ஆய்வு 2009-ல வெளியாச்சு. பாதிப் பேர் வழக்கமான சிகிச்சையோட, எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சியும் செஞ்சாங்க. ஒரு வருஷத்துல அவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு மறுபடி பிசகுச்சு. செய்யாதவங்கள்ல 33 சதவீதம். ஒத்தைக் கால்ல நிக்கறதுக்குக் காசா பணமா?

ஓய்வு, ஐஸ்னு 1978-ல சூத்திரம் எழுதின அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ரெண்டும் குணமாகறதைத் தள்ளிப்போடலாம்னு பின்னாடி கருத்தை மாத்திக்கிட்டார். இதை வீட்டுல காட்டியாச்சு. பலன் இல்லை :)

பசங்க இழுக்கற பேரு கிலியன் ஜோர்னெட். 2017 ஹார்ட்ராக் போட்டி, அமெரிக்காவுல கொலராடோ மலைகள். தூரம் சுமார் 160 கி.மீ., ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். ஆரம்பத்துலயே விழுந்து இடது தோள்மூட்டு நழுவிடுச்சு. தானே அதை ஏத்தி வெச்சு, கையைத் தூளி கட்டிக்கிட்டு, 24 மணி 32 நிமிஷத்துல முதல் ஆளா வந்தார். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா நழுவினது தோளுங்க, ஓடினது கால். அதுவும் ஜோர்னெட்டோட கால்! அப்புறமா அவர் தோளுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதை மட்டும் பசங்க சொல்ல மாட்டாங்க.

நான் இப்ப மருதமலைப் படிக்கட்டுல ஆரம்பிச்சிருக்கேன். ஏறறது நடந்து, இறங்கறது கோயில் பஸ்ல. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. இறங்கும்போது தொடைத்தசை இழுபட்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்கணும், பிரேக் மாதிரி. பிசகின கணுக்காலுக்கும் அங்கதான் சோதனை. அதனால முதல்ல ஏத்தம், அப்புறம் நடந்து இறக்கம், கடைசியிலதான் ஓட்டம். கையும் காலும் ஊன்றிப் பாறை ஏறறதுக்கு, விழுந்தா இடுப்பு உயரம்தான்கிற பாறையாப் பாத்துப் பழகறேன். ரெண்டு கை ரெண்டு கால்ல எப்பவும் மூணு பாறையில இருக்கணும், ஒண்ணுதான் நகரணும். போதுமா இன்னும் கூட்டலாமான்னு முடிவு பண்றது மறுநாள் காலை. எழுந்து வைக்கற முதல் அடியில இறுக்கமோ வீக்கமோ இருந்தா அளவைக் குறைச்சுக்கறேன்.

வெள்ளியங்கிரிக்குப் பசங்க தேதி குறிச்சுட்டாங்க. நான் இந்த சீசன் வரலை, இதையே பதிலா வெச்சுக்கங்கப்பா. பயம் இல்லை. அங்க ராத்திரி இறக்கத்துல முன்னாடியும் பின்னாடியும் கூட்டம். நான் சரிஞ்சா என்னோட போகாது, கீழே இருக்கறவர் மேலதான் விழுவேன். தூக்க வர்றவங்களும் அதே படியில என்னைச் சுமந்துதான் இறங்கணும். அப்பா 70 வயசு வரைக்கும் மூங்கில் தடியோட அந்த ஏழு மலையும் ஏறினவர். எனக்கு 46. ஒரு சீசனுக்காக மிச்ச இருபத்துச் சொச்சம் வருஷத்தைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. வீட்டுல சொல்ற மாதிரி மொத்தமா உட்காரவும் தயாரில்லை.

எப்பவோ கால் பிசகி "குணமான" ஆளுங்க இருந்தா, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஒத்தைக் கால்ல நின்னு பாருங்க. சுவத்துக்குப் பக்கமா நில்லுங்க. எத்தனை எண்ண முடிஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.