பிக்சலுக்கும் கோணத்துக்கும் நடுவே

கண்காணிப்பு அறிக்கைகளில் ‘0.1 மி.மீ. துல்லியம்’ என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. கேமரா பொருத்திய டோட்டல் ஸ்டேஷன்கள் தந்த துணிச்சல் இது. பாலத்தில் பிரிசம் ஒட்ட வேண்டாம், போக்குவரத்தை நிறுத்த வேண்டாம். உத்திரத்தில் உள்ள போல்ட் தலையையே குறியாக வைத்து மென்பொருள் பின்தொடர்ந்துவிடுகிறது.

அந்த 0.1 எங்கிருந்து வருகிறது? 100 மீட்டர் தொலைவில் ஒரு விநாடிக் கோணம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு பிக்சல் 2 விநாடி என்றால் கிட்டத்தட்ட 1 மி.மீ. பிக்சலில் பத்தில் ஒரு பங்குவரை குறியின் இடத்தை மென்பொருள் கண்டுபிடிப்பதால், 0.1 மி.மீ. ஆனால் இது படத்துக்குள் குறியைத் தேடிய நுட்பம் மட்டுமே. பிக்சலைக் கோணமாக மாற்றும் அளவுருக்கள் சரியா என்பதற்கு அதில் சாட்சியம் இல்லை. அவை தொழிற்சாலையில் பதிந்தபடியே கருவிக்குள் கிடக்கின்றன. பலரும் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சூரிச் இ.டி.எச். நிறுவனத்தில் உருவான க்யூடேடலஸ் முறையில் கண்வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிசிடி கேமராவைப் பொருத்துகிறார்கள். கழற்றி மாட்டும் பொருள் என்பதால் அளவுத்திருத்தம் செய்யாமல் அளக்கும் எண்ணமே அங்கே எழாது. கேமரா உள்ளேயே வந்துவிட்ட கருவிகளில்தான் நமக்கு இந்த மெத்தனம்.

சிக்கலின் ஊற்று குவிய வில்லை. தொலைநோக்கிக்குள் அது முன்பின் நகரும்போது படத்தின் அளவும் மாறும், பார்வைக்கோடும் துளி விலகும். 30 மீட்டரில் எடுத்த அளவுருவை 200 மீட்டரில் நம்ப முடியாது. தானியங்கிக் குவியம் ஒவ்வொரு முறையும் வில்லையைச் சற்றே வேறு இடத்தில் நிறுத்தலாம். கட்டடம் அசையாமலே அறிக்கையில் அசைவு வந்துவிடும். வெப்பமும் அப்படித்தான். ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். 24 டிகிரி ஏசி வண்டியிலிருந்து 38 டிகிரி வெயிலுக்கு இறக்கிய கருவி அரை மணி நேரம் சும்மா நிற்க வேண்டும், அதுவும் குடை நிழலில். எத்தனை களங்களில் நிற்கிறது?

அளவுத்திருத்தத்துக்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. கருவியின் கோண வட்டமே நல்ல அளவுகோல். கட்டமைப்பு இருக்கும் தொலைவிலேயே, அசையாத, விளிம்பு தெளிவான ஒரு குறியைத் தேர்ந்தெடுங்கள். குவியத்தைப் பூட்டுங்கள். அந்த ஒரே குறி படத்தின் நடுவிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் விழும்படி தொலைநோக்கியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கிடை, செங்குத்து வாசிப்புகளையும் பிக்சல் ஆயங்களையும் குறியுங்கள். ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் இரண்டிலும் செய்யுங்கள். பிறகு மீச்சிறு வர்க்கக் கணக்கு. கிடைக்கோண வேறுபாட்டை உச்சிக்கோணத்தின் சைனால் பெருக்க மறந்துவிடாதீர்கள். 30 டிகிரி நிமிர்ந்து பார்க்கும்போது வட்டத்தில் 10 விநாடி என்பது பார்வைத் தளத்தில் 8.7 விநாடிதான், உயரமான புகைபோக்கிகளில் இந்தப் பிழை நைசாக நுழைந்துவிடும். கடைசியில் சராசரிப் பிழையோடு நின்றுவிடாமல் எச்சங்களை வரைந்து பாருங்கள். மூலைகளை நோக்கி ஒரே திசையில் அவை சாய்ந்தால், மாதிரி போதவில்லை, அல்லது குவியம் நடுவில் நகர்ந்திருக்கிறது.

ஐஎஸ்ஓ 17123 தொகுதியின் 3ஆம், 5ஆம் பகுதிகள் தியடோலைட்டுக்கும் டோட்டல் ஸ்டேஷனுக்கும் களச் சோதனை வகுத்திருக்கின்றன. கேமரா அளவுருக்கள் அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே சான்றிதழைக் காட்டி இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து நசுங்கிய தியடோலைட்டை, நில அளவையாளர் லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே நேராக்கினார். நாமோ சர்வீஸ் சென்டரின் முத்திரையோடு திருப்தியடைந்துவிடுகிறோம்.

முக்காலி நகர்வைப் பிடிக்க நிலையான மேற்கோள் புள்ளி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதிர்வு அளப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: விநாடிக்கு 10 படம் எடுத்தால் 5 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வை நம்பிப் பேச முடியாது.

அடுத்த இதழிலிருந்து, படவழி அளவீட்டைக் கொண்ட கட்டுரைகள் அளவுத்திருத்தம் செய்த தொலைவு, குவிய நிலை, வெப்பநிலை, எச்ச வரைபடம் ஆகியவற்றோடு வர வேண்டும். இல்லாதவற்றைத் திருப்பி அனுப்புவோம்.