மாஞ்சோலை போனேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க

செமஸ்டர் லீவுல மாஞ்சோலை போயிட்டு வந்து பத்து நாள் கழிச்சு காய்ச்சல் வந்தா என்ன நினைப்பீங்க? வைரல், டெங்கு, டைபாய்டு. ஸ்க்ரப் டைபஸ் நம்மில் பலருக்கு ஞாபகத்துக்கே வராது.

புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகை உண்ணி கடித்து வரும் நோய் இது. கடித்தது தெரியாது. பிறகு அந்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல கருப்பாக ஒரு பொருக்கு வரலாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும். கண்ணில் பட்டாலும் அட்டைக்கடின்னு விட்டுடுவோம். பொருக்கே இல்லாமலும் நோய் வரும்.

டாக்ஸிசைக்ளின் விலை குறைந்த மாத்திரைதான். சீக்கிரம் கொடுத்தா பெரும்பாலும் குணமாயிடும். தாமதமானா நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் பலன் அதிகம் என்று, வேலூர் சிஎம்சி பங்கேற்ற ஆய்வு 2023-ல் காட்டியது.

நாம உடனே ஏஐ மாடல் செய்யக் கிளம்புவோம். "காட்டுக்குப் போனேன்" என்ற தகவல் உள்ளே போகலைன்னா எந்த மாடல் கண்டுபிடிக்கும்? என் கருத்து, கூட்டமான எமர்ஜென்சி வார்டுக்கு முதல் தேவை ஒரு திரை. மறைவு இருந்தாதான் உடம்பு முழுக்கப் பார்க்க முடியும், முக்கியமா பெண்களுக்கு. நமக்கு மாஞ்சோலை ஒரு நாள் டூர். தேயிலை பறிச்சவங்களுக்கு அந்தப் புதர்தான் வேலை செஞ்ச இடம்.

டாக்டர் கேட்கலைன்னாலும் எங்கே போனீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க.